டிரைவர் லீவுல இருக்கான்

வண்டியை எடுத்துக்கொண்டு வந்த முதல் திருப்பத்திலேயே டென்சில் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டுவிட்டான். நல்ல வெயில். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கீச்சுக்கீச்சென்று தேய்த்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "மளே எல்லி சார்?" என்று கன்னடத்தில் சிரிக்காமல் கேட்டுவிட்டு முந்திக்கொண்டு போனார். மழை எங்கே என்றால் டென்சில் என்ன பதில் சொல்வான்?

குவைத்தில் ஒரு பணக்கார வீட்டில் அவன் டிரைவர். போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் தானாக மாறிக்கொள்ளும், சாலையில் வலது பக்கம் போக வேண்டும். இங்கே எல்லாமே மாற்றி இருந்தது. வலது கை கியரைத் தேடிக் கதவுக் கைப்பிடியைப் பிடித்தது. ஹென்னூர் ரோட்டில் வாடகைக் கார் விடும் இடத்திலிருந்து லிங்கராஜபுரத்து வீடு வரைக்கும் வருவதற்குள் அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்னச் சின்னச் சந்தோஷங்கள்தான். சீட்டைத் தன் முழங்காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளிக்கொண்டான். ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டு வரும்வரை மாற்றிக்கொண்டே இருந்தான், யாரும் பின்னாலிருந்து உச்சுக்கொட்டவில்லை. வழியில் தள்ளுவண்டியை ஒட்டி நிறுத்தி வறுத்த கடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினான். குவைத்து வீட்டு வண்டியில் தண்ணீர் குடிக்கக்கூட இறங்கித்தான் ஆக வேண்டும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டான். புகையும் தூசியும்தான் உள்ளே வந்தன. வரட்டுமே, அவனாக இறக்கிய கண்ணாடி.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் லீவு. ஒவ்வொரு முறையும் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று கரைந்துவிடும். இந்த முறை சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரு சின்ன சிவப்புக் கார் எடுத்து, தானும் மனைவி ஜூலியாவும் மட்டும் கோலார் ரோட்டில் போகிற வரைக்கும் போவது என்று முடிவு செய்திருந்தான். எந்த ஊர் என்று கிடையாது. "பிடிச்ச இடத்துல நிறுத்தலாம், பிடிக்கலன்னா போயிக்கிட்டே இருக்கலாம்" என்று அவளிடம் போனிலேயே பல தடவை சொல்லியிருந்தான். ஜூலியா பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தாள்.

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவன் பார்த்துவிட்டான். வீட்டு கேட்டில் அவனுடைய அக்கா நோரா நின்றுகொண்டிருந்தாள். கையில் கட்டைப்பை. பக்கத்தில் அவளுடைய புருஷன் கிளெமென்ட், சவரம் செய்து, பவுடர் போட்டு, வெளியே போகிற செருப்பில். அடுத்த தெருவில்தான் அவர்கள் வீடு.

"வந்துட்டியா? எவ்ளோ நேரமா நிக்கறது?" என்றாள் நோரா. அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"அக்கா, நானும் ஜூலியாவும் வெளிய…"

"போங்க, நல்லா போங்க. யாரு வேணாம்னா? எங்கள சிவாஜிநகர்ல எறக்கி விட்டுட்டு அப்படியே போங்க. பிரபா வீட்டுப் பையனுக்கு நாளைக்கு முதல் நற்கருணை, வீட்டுல விருந்து. பிரியாணி நான்தான் செய்யறேன்னு ஒத்துக்கிட்டேன். அவங்ககிட்ட இருக்கிற அண்டா பத்தாது. பெரிய தபேலாவா ஒண்ணு வாங்கணும், அவ்வளவுதான்."

"சிவாஜிநகர் அந்தப் பக்கம்க்கா. நாங்க போறது இந்தப் பக்கம்."

"வண்டிதானே? நடந்தா போகப் போற?"

இதற்குள் கிளெமென்ட் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, டென்சில் தள்ளி வைத்திருந்த சீட்டைப் பார்த்து, தன்னுடையதையும் அதேபோல் பின்னால் தள்ளிக்கொண்டுவிட்டார். புதுச் சுடிதாரில் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்த ஜூலியா, முன்சீட்டைப் பார்த்தாள், டென்சிலைப் பார்த்தாள், நோராவோடு பின்னால் ஏறினாள்.

கிளெமென்டுக்கு கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்கூட வைத்துக்கொண்டதில்லை. ஆனால் வண்டி கிளம்பிய நிமிஷத்திலிருந்து அவர்தான் ஓட்டினார். "லெஃப்ட்ல எடு மச்சான்… பஸ்காரன் வரான் பாரு… இப்போ போ, போ, போ, ஐயோ நில்லு." ஒவ்வொரு 'நில்லு'வுக்கும் அவருடைய கை டென்சிலின் முன்னால் நீண்டு தடுத்தது.

"மாமா, கைய எடுங்க. எனக்கு ரோடு தெரியல."

"ரோடு உனக்குத் தெரியாதுன்னுதானே நான் சொல்றேன்."

டேனரி ரோட்டைத் தாண்டி சிவாஜிநகர் போய்ச் சேர்வதற்குள் டென்சில் இரண்டு தடவை வைப்பரைப் போட்டான். ரேடியோவை கிளெமென்ட் அணைத்திருந்தார், பேச முடியவில்லையாம். கடலைப் பொட்டலம் நோரா கையில் காலியாகியிருந்தது.

சிவாஜிநகரில் இறக்கிவிட்டுப் போகலாம் என்றால், "தபேலாவத் தூக்கிக்கிட்டு ஆட்டோ புடிக்க முடியுமா? நீயே சொல்லு" என்றாள் நோரா. அது முடியாதுதான். ஆகவே டென்சில் மார்க்கெட்டை வட்டம் போட்டான். நிறுத்த இடம் இல்லை. நிறுத்தினால் போலீஸ் விசில், நகர்ந்தால் நோரா தேடுவாள். துணிக்கடை வாசலில், கறிக்கடை வாசலில், பஸ் ஸ்டாண்டு வாசலில் என்று ஒவ்வொருவரும் அவனை அடுத்தவர் வாசலுக்கு அனுப்பினார்கள். பூக்காரர் ஒருவர் பானெட்டைத் தட்டி, "ஸ்வல்ப முந்தே ஹோகி" என்றார். முன்னால் போக அங்கே ஒரு சாண்கூட இல்லை.

அத்தனை வட்டம் போட்டபின் நோரா வந்தாள். பின்னால் ஒரு கூலியாள் தலையில் தபேலா. அது டிக்கியில் நுழையவில்லை. பின்சீட்டில் நுழைந்தது, ஆனால் கதவைச் சாத்த முடியவில்லை. கடைசியில் தபேலாவை நிமிர்த்தி வைத்து, மூடியை ஜூலியா மடியில் வைத்து, நோரா அந்தப் பக்கமாக ஒண்டிக்கொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டென்சிலுக்கு மனைவியின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"பிரபா வீடு ரிச்சர்ட்ஸ் டவுன்தானே, போற வழி," என்றாள் நோரா. "குடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்."

பிரபா, கிளெமென்டின் தூரத்துத் தங்கை முறை. டென்சில் அவளைப் பார்த்ததே இல்லை. பெரிய பழைய வீடு, முன்னால் மரம், ஆனால் வண்டியை உள்ளே விட இடமில்லை. உள்ளே ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இருந்த ஒரே இடம் எதிர்வீட்டு கேட்டுக்கு முன்னால். "நீ வண்டியிலேயே இரு, யாராவது வந்தா எடுக்கணும்ல" என்று சொல்லிவிட்டு நோரா உள்ளே போனாள். தபேலாவை கிளெமென்டும் டென்சிலும்தான் இறக்கினார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு ஜூலியாவும் பின்னாலேயே போனாள்.

ஐந்து நிமிஷம் எப்போதோ முடிந்துபோனது. ஜன்னல் வழியாக உள்ளே மின்விசிறி சுற்றுவதும், சோபாவில் கிளெமென்ட் காலை நீட்டிக்கொண்டு எதையோ விளக்குவதும் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்தார். இரண்டு முறையும் டென்சில் வண்டியை எடுத்து, தெருவைச் சுற்றி, மறுபடி அங்கேயே வந்து நின்றான். வேளை சாப்பாட்டு நேரத்தை நெருங்கியது. குவைத்தில் மேடம் கடைக்குள் போனால் அவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். அங்கேயாவது ஏசி ஓடும். அதற்குச் சம்பளமும் உண்டு.

அப்போது அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மா, மரகதம் என்று பிறகு தெரிந்தது, எவர்சில்வர் டம்ளரில் காப்பியும் ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார்.

"டிரைவரண்ணா, எடுத்துக்கோங்க. அம்மா குடுக்கச் சொன்னாங்க. சாப்பாடு ஆனதும் உங்களுக்கும் கட்டித் தராங்களாம்."

டென்சில் டம்ளரை வாங்கிக்கொண்டான். அந்த அம்மாவிடம் கோபப்பட என்ன இருக்கிறது? வண்டியின் நம்பர் பிளேட் வாடகை வண்டிக்கான கறுப்பு. அதில் மஞ்சள் எழுத்து. ஒருவன் மணிக்கணக்காக வெளியே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அவன் யார் என்று யாரும் ஊகிப்பார்கள். காப்பி நல்ல காப்பி. ஒரு வாயோடு டம்ளரை டேஷ்போர்டில் வைத்துவிட்டான்.

மரகதத்தின் பின்னாலேயே ஜூலியா வந்தாள். அவள் கையில் பூப்போட்ட பீங்கான் கோப்பை, அப்படியே நிறைய இருந்தது. முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"பிரபா அக்கா 'டிரைவருக்குக் காப்பி குடு'ன்னாங்க," என்றாள், நேராக முன்னால் பார்த்தபடி. "உங்க அக்கா அங்கதான் உக்காந்திருந்தாங்க. வாயத் தொறக்கலங்க."

"கேட்டிருக்காது."

"பிஸ்கட்டும் வையின்னாங்க. அதுக்கு உங்க அக்கா, 'எதுக்குப் பிஸ்கட்டெல்லாம்'னாங்க."

டென்சில் மிச்சக் காப்பியை ஒரே மூச்சில் குடித்தான். இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை ஜூலியாவுக்குக் கொடுத்தான். அவள் தன் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, டம்ளரையும் கோப்பையையும் தட்டில் வைத்து, அதற்காகக் காத்து நின்ற மரகதத்திடம் நீட்டினான்.

"உள்ள சொல்லிடுங்கம்மா. டிரைவர் லீவுல இருக்கான், கிளம்பிட்டான்னு."

மரகதம் தட்டோடு நின்றுகொண்டிருக்க, வண்டி தெருவைத் தாண்டியது. திருப்பத்தில் வைப்பர் ஓடியது. அவன் அதை அணைக்கவில்லை.

விடுதலை என்று நினைத்ததெல்லாம் டின் ஃபேக்டரி சந்திப்பு வரைக்கும்தான். அங்கே நாலு பக்கத்திலிருந்தும் வந்த வண்டிகள் ஒன்றை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. கே.ஆர். புரம் பாலம் கண்ணுக்கு எதிரே இருந்தது, போகத்தான் முடியவில்லை. கிளட்சை மிதித்து மிதித்து டென்சிலின் இடது கால் மரத்துப்போனது. அந்தக் கால் பதினான்கு வருஷமாக வேலையே செய்ததில்லை. நோரா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் டேஷ்போர்டில் அதிர்ந்து அதிர்ந்து வழுக்கி ஜூலியாவின் மடியில் விழுந்தது. அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இதுக்கா இத்தன நாள் காத்துக்கிட்டிருந்தேன்?" என்று டென்சில் வெடித்தான். "அங்கயும் வண்டிக்குள்ள. இங்கயும் வண்டிக்குள்ள. லீவுக்கு வந்தவன் வீட்டுல கால நீட்டிப் படுத்திருக்கலாம்."

"படுத்திருந்தா உங்கள எழுப்பி ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க," என்றாள் ஜூலியா.

ஹொஸ்கோட்டை தாண்டியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாலை அகலமாகி, காற்று உள்ளே புகுந்தது. ஜூலியா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துச் சீட்டில் வைத்துக்கொண்டாள். சுட்ட சோளம் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஆனால் டென்சிலின் முகம் இன்னும் இறுகியே இருந்தது. எதிர்த்திசையில் வருகிறவன், கையைக் காட்டாமல் திரும்புகிறவன், எல்லாரையும் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினான்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் ஜூலியா.

"எதுக்கு?"

"பிடிச்ச இடத்துல நிறுத்தலாம்னீங்களே. எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு."

பிடிக்கும்படி அங்கே ஒன்றும் இல்லை. மனை பிரித்துப் போட்ட ஒரு லேஅவுட், கம்பிவேலி, ஆளில்லாத தார்ச்சாலைகள், இன்னும் ஒரு வீடும் எழும்பவில்லை. டென்சில் உள்ளே திருப்பி நிறுத்தினான். ஜூலியா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து அவன் தொடையில் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். படத்தில் அவள் பயந்துபோய் விழித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ?"

"மே மாசம், ஸ்கூல் லீவுல. கம்மனஹள்ளியில ஒரு டிரைவிங் ஸ்கூல்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போன்லயே கிளாஸ் எடுப்பீங்க."

"எதுக்குக் கத்துக்கிட்ட? நம்மகிட்ட வண்டி ஏது?"

ஜூலியா சோளச் சக்கையைக் காலடியில் போடப் போனவள், வாடகை வண்டி என்று ஞாபகம் வந்து காகிதத்தில் சுற்றினாள். "நீங்க ராத்திரி போன் பண்ணா வண்டியப் பத்தித்தான் பேசறீங்க. அந்த ரோட்ல போனேன், இப்படி திருப்பினேன், அவன் குறுக்க வந்தான்னு. நான் உம் கொட்டறேன். எனக்கு ஒண்ணும் புரியறதில்ல. ஒரு தடவையாவது புரியட்டும்னுதான்."

டென்சில் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, வாடகை ஆப்பைத் திறந்து, இரண்டாவது ஓட்டுநரைச் சேர்க்கும் இடத்தைத் தேடினான். அது லைசென்ஸைப் படம் பிடிக்கச் சொன்னது, பிடித்தான். முகத்தைப் படம் பிடிக்கச் சொன்னது, பிடித்தான். முகம் பொருந்தவில்லை என்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. வெளிச்சம் போதாது என்றது. ஜூலியா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சூரியனைப் பார்த்து நின்றாள். மறுபடியும் பொருந்தவில்லை.

"போட்டோவுல இருக்கற மாதிரி முழி," என்றான் டென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் பயந்தவள்போல் விழித்தாள். உடனே ஏற்றுக்கொண்டது.

அவன் இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தான். இடது பக்கம் உட்கார்ந்தும் முன்னால் ஸ்டியரிங் இல்லாதது அவனுக்கு விசித்திரமாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜூலியா சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், சிலுவை போட்டுக்கொண்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"கிளட்ச்ச மெதுவா விடு."

மறுபடி குதித்தது.

"மெதுவான்னா மெதுவா! கால்ல என்ன இருக்கு உனக்கு? அங்க கல்லு, கல்லப் பாரு, பிரேக், பிரேக்!" அவனுடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கை தானாக அவள் முன்னால் நீண்டது. அந்தக் கையைப் பார்த்ததும் அவனுக்கே கிளெமென்டின் ஞாபகம் வந்தது.

ஜூலியா நிறுத்தினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"உங்க குவைத் முதலாளி உங்ககிட்ட இப்படித்தான் கத்துவாரா?"

கத்துவார். இதைவிட அதிகமாகவே கத்துவார். அதை அவன் இதுவரை போனில் சொன்னதில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டி மெல்ல நகர்ந்தது. முதல் கியரிலேயே லேஅவுட்டை ஒரு சுற்று வந்தது. பிறகு இரண்டாவது. எஞ்சின் மூன்றாவதைக் கேட்டுக் கதறியது, அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவளாகவே மூன்றாவதைப் போட்டாள். லேஅவுட்டைத் தாண்டி ஒரு கிராமச் சாலையில் இறங்கினாள். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். பதினான்கு வருஷத்தில், ஓடுகிற வண்டியின் பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை. பந்தலுக்கு அடியில் நிழல் பச்சையாக இருந்தது. ஒரு நாய் கூடவே ஓடி வந்து, அலுத்துப்போய் நின்றது. அவன் கண்ணாடி வழியாகக் கையை வெளியே நீட்டினான். காற்று உள்ளங்கையைத் தள்ளியது.

எப்போது தூங்கினான் என்று தெரியாது. விழித்தபோது வண்டி ஒரு இளநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தது. டேஷ்போர்டில் பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது.

"எந்த ஊரு இது?"

"தெரியல," என்றாள் ஜூலியா, இளநீரை நீட்டி. "கேட்டேன். அவர் சொன்ன பேரு எனக்குப் புரியல. ரோடு நல்லா இருந்துச்சு, வந்துட்டேன்."

"பெட்ரோல் பாத்தியா? லைட் எரியுது பாரு. எங்கயாவது நின்னா என்ன பண்ணுவ?" என்று ஆரம்பித்தவன், இளநீரை வாயில் வைத்துக்கொண்டான். காலையில் பூசை இருந்ததால், பங்க் தேடிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அன்று இரவே திரும்பி வீடு வந்து சேர்ந்தபோது நோராவிடமிருந்து வந்த தவறிய அழைப்புகள் போன் திரையில் நிரம்பி வழிந்தன.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தபோது நோரா மாதா கோவில் வாசலில் நின்றிருந்தாள். பிரியாணிக்கு விடியற்காலையிலேயே எழுந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கிளெமென்ட் ஏற்கெனவே ரிச்சர்ட்ஸ் டவுன் போய்விட்டிருந்தார், சமையல்காரர்களுக்கு வழி சொல்ல.

"பிரபாகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் நோரா, அவனைப் பார்க்காமல். "அது டிரைவர் இல்ல, என் தம்பின்னு."

"எப்போ சொன்ன?"

"நீ போனப்புறம்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

நோரா முந்தானை நுனியைச் சுருட்டினாள். "அவங்க பெரிய வீடுடா. குவைத்துல நீ ஆபீஸ்ல இருக்கேன்னு என்னைக்கோ ஒரு நாள் சொல்லி வச்சிருந்தேன். அந்த நேரம் பாத்து வாய் வரல."

பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் தான் ஆபீஸராக இருந்திருக்கிறான் என்பது டென்சிலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வந்தது. அக்காவின் வீங்கிய கண்ணைப் பார்க்க, வந்த கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தவித்தது.

"சரி, அவங்க என்ன சொன்னாங்க?"

"தம்பின்னா ஏன் உள்ள வரலன்னு கேட்டாங்க."

எதிர்வீட்டு கேட், தெருவைச் சுற்றிய சுற்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நாள் பிடிக்கும்.

"இன்னிக்கு வருவல்ல?" என்றாள் நோரா. "உள்ள வந்து உக்காந்து சாப்புடு. நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். டிரைவர்னே சொல்லியிருக்கேன்."

தெருவிலிருந்து ஹாரன் அடித்தது. ஜூலியா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தாள். நோரா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்து, ஏறி, இரண்டு கைகளாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, 'அருள்நிறை மரியே' செபத்தை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

டென்சில் ஜூலியாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்ள, வண்டி ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் கிளம்பியது. லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் ஏறும் சரிவில் முன்னால் பஸ் நின்றது. ஜூலியா நிறுத்தினாள். பஸ் கிளம்பியது. அவள் எடுத்தாள், வண்டி அணைந்தது, பின்னால் உருண்டது, அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் ஹாரன் அடித்தன. பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டிக் கன்னடத்தில் என்னவோ சொன்னான். நோராவின் செபம் உச்சத்துக்குப் போனது.

டென்சிலின் நாக்கு நுனி வரைக்கும் எல்லாம் வந்தது: கிளட்ச், கியர், கால், கண். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் கெட்டியாக உட்கார்ந்துகொண்டான்.

ஜூலியா சாவியைத் திருப்பினாள்.